மெதுவாக நகரும் ஒரு வெஸ்டர்ன் படத்தை ஊர் வாசகசாலையில் திரையிடுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எனப் பொள்ளாச்சி எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் நம் மக்களுக்குச் சினிமா புதிதல்ல. ஆனால், வாசகசாலையின் புரொஜெக்டரில் வழக்கமான தமிழ், மலையாளப் படங்களைத் தாண்டி ஒரு வெளிநாட்டுப் படத்தைப் போட நினைக்கும்போது, அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், துப்பாக்கி அதிகம் வெடிக்காத, குதிரைகள் பெரும்பாலும் நடந்தே செல்லும் ஒரு வெஸ்டர்ன் படத்தை, அதாவது அமெரிக்க மேற்குப் பகுதியின் பழங்காலக் கதையைச் சொல்லும் படத்தைப் போட நினைக்கும்போது, பாதிக் கூட்டம் எழுந்து போய்விடுமோ என்ற அச்சம் பொறுப்பாளர்களுக்கு இயல்பாகவே வருகிறது. முறையாக ஏற்பாடு செய்தால் அப்படி நடக்காது என்பதே என் உறுதியான எண்ணம். அந்த ஏற்பாட்டை, 2007-இல் வெளிவந்த 'தி அசாசினேஷன் ஆஃப் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பை தி கவர்ட் ராபர்ட் ஃபோர்டு' என்ற படத்தை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

ரான் ஹான்சன் 1983-இல் எழுதிய நாவலைத் தழுவி ஆண்ட்ரூ டொமினிக் இயக்கிய இந்தப் படத்தில் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸாகப் பிராட் பிட்டும், அவனைச் சுட்டுக் கொல்லும் இளைஞன் ராபர்ட் (சுருக்கமாகப் பாப்) ஃபோர்டாகக் கேசி அஃப்லெக்கும் நடித்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். இசை நிக் கேவ், வாரன் எல்லிஸ் ஆகிய இருவர். படத்தின் நீளம் 160 நிமிடம். வெனிஸ் திரைப்பட விழாவில் பிராட் பிட்டுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது; அஃப்லெக்கும் டீக்கின்ஸும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். இருந்தும் திரையரங்குகளில் படம் ஓடவில்லை. சண்டைப் படத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது மெதுவாகத் தோன்றியதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

யார் யாரைக் கொல்லப் போகிறார்கள் என்பதை, 'கோழை ராபர்ட் ஃபோர்டு ஜெஸ்ஸி ஜேம்ஸைக் கொன்றது' என்று பொருள்படும் தலைப்பே அறிவித்துவிடுகிறது. ஆகவே கதையை மறைத்து வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. திரையிடலுக்கு முன்பே, தமிழில், தொடக்கம் முதல் முடிவு வரை முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் முதல் பரிந்துரை. மற்றவையெல்லாம் இதற்குத் துணை நிற்பவை.

இது நம் பகுதிக்குப் பழக்கமான முறைதான். பாரதப்புழைக் கரையோரத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் கம்பராமாயணப் பாடல்களைப் புலவர் பாடி, ஒவ்வொரு பாட்டுக்கும் நீண்ட விளக்கம் சொல்லும் வரை, திரைக்குப் பின்னால் எரியும் விளக்குகளின் வெளிச்சத்தில் பாவைகள் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். பல இரவுகள் நீளும் அந்தக் கூத்தில், இராவணன் சாவானா பிழைப்பானா என்று யாரும் கேட்பதில்லை. சாவது தெரிந்திருப்பதால்தான் இந்திரசித்து என்ன சொன்னான், கும்பகர்ணன் ஏன் மறுத்தான் என்பதில் மனம் தங்குகிறது. இந்தப் படமும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 'அடுத்து என்ன' என்ற கேள்வியைப் பார்வையாளரிடமிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டால், 'இப்போது இவன் முகத்தில் ஏன் இந்த மாற்றம்' என்ற கேள்விக்கு அவர் தானாகவே வந்து சேர்வார்.

முன்னுரையைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் படக்கதையோடு வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது, ஏனெனில் அமெரிக்கப் பார்வையாளர் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்த செய்திகளை இயக்குநர் விளக்காமலே விட்டுவிடுகிறார். ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1847-இல் மிசௌரி மாநிலத்தில், அடிமைகளை வைத்திருந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் கெரில்லாக் கும்பல்களில் பதின்ம வயதிலேயே சேர்ந்து கொலையைக் கற்றவன். போர் முடிந்த பின் அண்ணன் ஃபிராங்குடன் வங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்தான். 1875-இல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் அவனுடைய தாயின் வீட்டைத் தாக்கியபோது அவனுடைய தம்பி முறையான சிறுவன் ஒருவன் இறந்தான், தாய் ஒரு கையை இழந்தார். இது மக்களிடையே அவனுக்குப் பெரும் அனுதாபத்தைத் தேடித் தந்தது. ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் அவனைப் பழைய வீரர்களுக்கு இணையாக எழுதி எழுதியே நாயகனாக்கினார். மலிவு விலைக் கதைப் புத்தகங்கள் மீதி வேலையைச் செய்தன. கொள்ளைப் பணத்தை அவன் ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. காயங்குளம் கொச்சுண்ணியின் கதையைக் கேட்டு வளர்ந்த மாநிலத்தில், வடக்கே திரும்பினாலும் தெற்கே திரும்பினாலும் நல்ல கள்ளனைப் பற்றிய கதைப்பாடல் ஒன்று காத்திருக்கும் மண்ணில், கொள்ளைக்காரன் என்றதும் கேட்பவர் மனத்தில் அந்த உருவமே வந்து நிற்கிறது. படமோ அந்த உருவம் எப்படி உருவாகிறது, அதை நம்பிய ஒருவன் எப்படிச் சிதைகிறான் என்பதைப் பேசுகிறது. ஜெஸ்ஸியின் அடிமை முறைப் பின்னணியைப் படம் அதிகம் தொடுவதில்லை. அந்தக் குறையை முன்னுரைதான் ஈடுகட்ட வேண்டும்.

கதைக்கு வருவோம். 1881 செப்டம்பர் 7 அன்று இரவு, ப்ளூ கட் என்ற இடத்தில் ஜேம்ஸ் கும்பல் ஒரு ரயிலைக் கொள்ளையடிக்கிறது. அதுவே அவர்களுடைய கடைசி ரயில் கொள்ளை. பழைய கூட்டாளிகள் சிறையிலோ கல்லறையிலோ இருப்பதால் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் பாப், வயது 19. ஜெஸ்ஸியைப் பற்றிய கதைப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன். மிசௌரி ஆளுநர் தாமஸ் கிரிட்டென்டன் அந்த ஆண்டில்தான், ஜெஸ்ஸியைப் பிடித்துக் கொடுப்பதற்கு 5,000 டாலரும், தண்டனை உறுதியானால் மேலும் 5,000 டாலரும் வெகுமதி அறிவித்திருந்தார். கும்பலுக்குள் சந்தேகம் பரவுகிறது, ஒருவரையொருவர் கொல்கிறார்கள், பாப் ஆளுநரைச் சந்தித்து ஜெஸ்ஸியைக் காட்டிக்கொடுக்க ஒப்புக்கொள்கிறான். 1882 ஏப்ரல் 3 அன்று, செயின்ட் ஜோசஃப் நகரில் தாமஸ் ஹோவர்ட் என்ற பொய்ப் பெயரில் குடியிருந்த ஜெஸ்ஸியை, அவன் வீட்டுக் கூடத்திலேயே பின்னாலிருந்து சுடுகிறான். ஜெஸ்ஸிக்கு அப்போது வயது 34. பாப்புக்கும் அவன் அண்ணன் சார்லிக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அன்றே ஆளுநர் மன்னிப்பும் வழங்கினார். வெகுமதியில் ஒரு சிறு பகுதியே கைக்கு வந்தது. சார்லி 1884-இல் தற்கொலை செய்துகொண்டான். பாப்பை 1892 ஜூன் 8 அன்று, கொலராடோவின் கிரீட் என்ற சுரங்க ஊரில் எட்வர்ட் ஓகெல்லி என்பவன் சுட்டுக் கொன்றான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாது.

பெயர்த் தாள்

முதல் அரைமணி நேரத்தில் பார்வையாளர் திணறுவது மெதுவான நடையால் அல்ல, ஆட்களை அடையாளம் காண முடியாததால்தான். எல்லாரும் தாடியும் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, இருட்டில், முகமூடியோடு அறிமுகமாகிறார்கள். எனவே ஒரு பக்கத் தாளில், பெரிய எழுத்தில், உறவு முறையோடு பெயர்களை அச்சிட்டு நுழைவாயிலிலேயே கொடுங்கள். ஃபிராங்க் ஜெஸ்ஸியின் அண்ணன், கொள்ளைக்குப் பின் விலகிப் போய்விடுகிறவன். வுட் ஹைட் ஜெஸ்ஸியின் உறவினன், பங்காளிபோல் வீறாப்பு உடையவன். டிக் லிடில் பெண்கள் விஷயத்தில் தடுமாறுகிறவன். வுட் ஹைட்டின் தந்தையுடைய இளம் மனைவியோடு அவன் கொண்ட தொடர்பே பின்னால் ஒரு கொலைக்கு வழிவகுக்கிறது. எட் மில்லர் பயந்த சுபாவக்காரன். சார்லி ஃபோர்டு பாப்பின் அண்ணன், எப்போதும் சிரித்துச் சமாளிப்பவன். மார்த்தா அவர்களுடைய அக்கா. அவளுடைய பண்ணை வீட்டில்தான் பாதிக் கதை நடக்கிறது. ஜெஸ்ஸியின் மனைவி பெயர் ஸீ. இவ்வளவு போதும். தாளில் நடிகர்களின் பெயர்களைப் போட்டு நிரப்ப வேண்டாம்.

படத்தின் ஆங்கிலம் பழைய நடையில், சுற்றி வளைத்துப் பேசும் ஆங்கிலம். ஆங்கிலம் நன்கு அறிந்தவரும் திரையின் அடியில் ஓடும் எழுத்து வரிகள் (சப்டைட்டில்) இல்லாமல் தடுமாறுவார். ஆங்கில எழுத்து வரிகளைக் கட்டாயம் போட வேண்டும். அவற்றை விரைந்து படிக்க இயலாத பெரியவர்களை முன்வரிசையில் அமர்த்தி, பக்கத்துக்கு ஒருவராக வாசகசாலைப் பிள்ளைகள் காதோடு சொல்லும்படி செய்யலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. மௌனமே பாதியாக இருக்கும் படத்தில் அந்த முணுமுணுப்பு எல்லாரையும் கலைக்கும். முன்னுரையையும் இடைவேளை உரையையும் தெளிவாகச் செய்தால் அவர்களுக்கு அதுவே போதுமானது.

காலம், இடம், இருட்டு

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் கிழக்குக் காற்று, வெளியில் கட்டிய எந்தத் திரையையும் நிம்மதியாக இருக்க விடாது. ஆனி, ஆடியில் மழை வலுத்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் வசனமே கேட்காது. ஆகவே மாசி மாதத்து இரவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளித்திடலை விட்டுக் கூடத்துக்குள் திரையிடுவதே சிறந்தது. முன்னுரை, படம், இடைவேளை, உரையாடல் எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது என்பதால், இருட்டும் நேரத்துக்கு முன்பே, மாலை ஆறு மணிக்கே முன்னுரையைத் தொடங்கிவிட்டால், பொழுது சாயும்போது படம் ஆரம்பமாகும். பேருந்தை நம்பி வருகிறவர்கள் திரும்பிப் போக என்ன வழி என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வண்டியை நினைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

கூடம் உண்மையாகவே இருட்டாக இருக்க வேண்டும். ப்ளூ கட் ரயில் கொள்ளைக் காட்சியை டீக்கின்ஸ், ரயிலின் முகப்பு விளக்கும் கொள்ளையர் கையிலுள்ள லாந்தர்களும் மட்டுமே வெளிச்சம் தருவதாகத் தோன்றும்படி எடுத்திருக்கிறார். இருளைக் கிழித்துக்கொண்டு வரும் அந்த முகப்பு விளக்கின் ஒளி மரங்களுக்கிடையே நகர, முகமூடி அணிந்து அசையாமல் நிற்கும் ஆட்கள் ஒரு கணம் தோன்றி மறைகிறார்கள். தெருவிளக்கு ஜன்னல் வழியாக வந்து விழும் கூடத்தில் இந்தக் காட்சி வெறும் சாம்பல் நிறச் சதுரமாகவே தெரியும். ஜன்னல்களைக் கறுப்புத் துணியாலோ தடித்த அட்டையாலோ அடைத்து, முந்தின நாள் இரவே இந்த ஒரு காட்சியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மரங்களுக்கிடையே நிற்கும் ஆட்களைக் கடைசி வரிசையிலிருந்து பிரித்தறிய முடிந்தால் மற்றக் காட்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

புரொஜெக்டரிலோ பெரிய டிவியிலோ படத்தைப் பளிச்சென்று காட்டும் 'விவிட்' அமைப்பை மாற்றிச் 'சினிமா' அமைப்புக்குக் கொண்டுவருவதும், அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுவதும் அவசியம். படம் மிக அகலமான சட்டகம் கொண்டது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது இயல்பு. திரையை நிரப்புவதற்காகப் பெரிதாக்கினால் இரு ஓரங்களிலும் உள்ள ஆட்கள் காணாமல் போவார்கள், ஓரத்தில் நின்று பார்ப்பவனைப் பற்றிய படத்தில் அது பெரிய இழப்பு.

இன்னொன்றைப் புரொஜெக்டரை இயக்குபவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கதைசொல்லியின் குரல் வரும் பல இடங்களில் படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் கலங்கியும், நிறம் சிதறியும் தெரியும். பழைய லென்ஸ் பாகங்களைப் பொருத்திச் செய்த சிறப்பு லென்ஸ்களால் டீக்கின்ஸ் வேண்டுமென்றே உண்டாக்கிய தோற்றம் அது. நூற்றாண்டுப் பழமை கொண்ட புகைப்படத்தைப் பார்க்கும் உணர்வைத் தருகிறது. விவரம் தெரியாதவர் ஃபோகஸ் போய்விட்டது என்று எழுந்து போய் புரொஜெக்டரைத் திருகத் தொடங்கினால் அடுத்த பத்து நிமிடமும் வீணாகும்.

ஒலிக்குத் திருவிழா ஸ்பீக்கர்கள் வேண்டாம். சிமெண்டுச் சுவர்களில் எதிரொலி இருந்தால் பின் சுவரில் இரண்டு ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டால் வசனம் தெளியும். மின்விசிறிகளில் கடகடவென்று சத்தம் போடுகிறவற்றை நிறுத்திவிடுங்கள். இந்தப் படத்தில் மரப்பலகைத் தரை கிறீச்சிடுவதற்கும், நாற்காலியில் ஒருவன் அசைந்து உட்காருவதற்கும் பொருள் இருக்கிறது.

வீட்டில் பார்ப்பதற்கென்று வாங்கிய டிஸ்க்கோ, ஓடிடி சந்தாவோ பொதுத் திரையிடலுக்கான உரிமையைத் தராது. நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதியைப் பெற்ற பிறகே தேதியை அறிவிக்க வேண்டும். பொதுத் திரையிடலுக்கான தணிக்கைச் சான்றிதழ் பற்றியும் அவர்களிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஒரு சிறுவனை அடித்து மிரட்டும் காட்சியும், அருகிலிருந்து சுடும் காட்சிகளும் இருப்பதால் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிப் போடுங்கள்.

இடைவேளை எங்கே

படத்தில் இடைவேளை கிடையாது. நம் பழக்கத்துக்கு ஒன்று தேவை. கடிகாரத்தைப் பார்த்து எண்பதாவது நிமிடத்தில் நிறுத்துவதைவிட, மார்த்தாவின் வீட்டு மாடியறையில் வுட் ஹைட் கொல்லப்பட்டு, அவன் உடல் அப்புறப்படுத்தப்பட்ட பிறகு நிறுத்துவது பொருத்தமானது. டிக்கும் வுட்டும் ஒருவரையொருவர் சில அடி தூரத்திலிருந்து தாறுமாறாகச் சுட்டுக்கொள்ள, அதே அறையில் கட்டிலில் இருந்த பாப் ஒரே குண்டில் வுட்டைச் சாய்க்கிறான். அது அவனுடைய முதல் கொலை. இறந்தவன் ஜெஸ்ஸியின் உறவினன் என்பதால், அந்த நொடியிலிருந்து பாப்புக்கு ஜெஸ்ஸியின் மீது பயம் தொடங்குகிறது. அதுவரை பக்தி மட்டுமே இருந்தது. படத்தின் இரு பாதிகளும் மடிகிற இடம் இதுதான். தேநீர் கொடுக்கும்போது, இந்த ஒரு செய்தியை மட்டும் ஓரிரு நிமிடம் தமிழில் நினைவூட்டிவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

எதைப் பார்க்கச் சொல்வது

முன்னுரையின் இறுதியில் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ஒவ்வொரு காட்சியிலும் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். வேறு எதையும் சொல்ல வேண்டாம். படம் முழுவதும் பார்வைகளால் நெய்யப்பட்டது.

பாப் ஓரக்கண்ணால் ஜெஸ்ஸியைப் பார்க்கிறான். சாப்பிடும் முறை, நடக்கும் முறை எல்லாவற்றையும் பார்த்து மனத்தில் சேர்க்கிறான். ஜெஸ்ஸி குளியல் தொட்டியில் இருக்கும்போது பின்னால் நின்று அவனைப் பார்க்கிறான். நீ என்னைப்போல் ஆக விரும்புகிறாயா, அல்லது நானாகவே ஆக விரும்புகிறாயா என்ற பொருளில் ஜெஸ்ஸி திரும்பிப் பாராமலே கேட்கிறான். உணவு மேசையில் சார்லி தூண்டிவிட, தனக்கும் ஜெஸ்ஸிக்கும் உள்ள ஒற்றுமைகளை, கண்ணின் நிறம், உயரம், சகோதரர்களில் எத்தனையாவது என்பது வரை, பாப் அடுக்கிச் சொல்கிறான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், ஜெஸ்ஸியும் சிரிக்கிறான். அப்போது பாப்பின் முகத்தைப் பாருங்கள். தன் உள்ளத்தின் பெட்டியைத் திறந்து காட்டி அவமானப்பட்டவனின் முகம் அது. அஃப்லெக் குரலை உயர்த்தாமல், எச்சிலை விழுங்கியும் புன்னகையைப் பாதியில் நிறுத்தியும் செய்யும் நடிப்பு, வேகமாக வெட்டிச் செல்லும் படத்தில் நமக்குக் கிடைத்திருக்கவே வாய்ப்பில்லை. மெதுவான நடையின் தேவை இங்கேதான் விளங்குகிறது.

ஜெஸ்ஸியோ எல்லாரையும் உளவு பார்க்கிறான். யாராவது ஒருவன் சொல்லும் கதையில் சிறு முரண் இருந்தால் போதும், அவன் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. எட் மில்லரின் குடிசைக்கு வரும் காட்சியில் அவன் எதையும் மிரட்டிக் கேட்பதில்லை. சும்மா வெளியே போய்ச் சாப்பிடலாம் வா என்பதுபோல் அழைக்கிறான். இரவில் குதிரைகளில் போகும்போது மெல்லப் பின்தங்கி, முன்னால் போகும் எட்டைச் சுட்டுவிடுகிறான். இந்தக் காட்சியை யாரும் தூங்கித் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் உரையாடல் முழுவதும் இதைச் சார்ந்தே இருக்கும்.

கொலைக் காட்சிக்கு வரும்போது கூடம் தானாகவே அமைதியாகிவிடும். காலை உணவு முடிந்திருக்கிறது, ஸீ சமையலறையில் இருக்கிறாள், குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள். ஜெஸ்ஸி துப்பாக்கிப் பட்டைகளைக் கழற்றி இருக்கையின்மேல் வைக்கிறான். அவன் ஒருநாளும் செய்யாத காரியம். சுவரில் மாட்டிய சித்திரத்தில் தூசி படிந்திருப்பதாகச் சொல்லி நாற்காலிமேல் ஏறுகிறான். அந்தச் சித்திரத்தின் கண்ணாடியில், பின்னால் பாப் துப்பாக்கியை உயர்த்துவது அவனுக்குத் தெரிகிறது. அவன் திரும்புவதில்லை. அந்தத் துப்பாக்கியே அவன் பாப்புக்குப் பரிசாகக் கொடுத்தது. காட்டிக்கொடுத்தவனைக் கொல்லப்பட்டவனே தேர்ந்தெடுத்தானோ என்ற ஐயம் இங்கே எழுகிறது. படம் அதற்குப் பதில் சொல்லாமல், மனிதர்களின் முகத்தில் மட்டும் நிற்கிறது.

இதற்குப் பிறகு யாரையும் எழ விடாதீர்கள். சுட்டாயிற்று, படம் முடிந்தது என்று செருப்பைத் தேடுபவர்கள் இருப்பார்கள். முன்னுரையிலேயே, இறுதிப் பகுதிதான் படத்தின் உயிர் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். ஜெஸ்ஸியின் பிணத்தைப் புகைப்படம் எடுக்கிறார்கள், அதன் பிரதிகள் விற்பனைக்கு வருகின்றன. பாப்பும் சார்லியும் நாடக மேடையில் அந்தக் கொலையை இரவு தோறும் நடித்துக் காட்டுகிறார்கள். பாப் தானாகவும், சார்லி ஜெஸ்ஸியாகவும். மேடையில் எண்ணூறு தடவைக்கு மேல் ஜெஸ்ஸியைச் சுட்டிருப்பதாகப் பாப்பே கணக்குச் சொல்வதைக் கதைசொல்லியின் குரல் தெரிவிக்கிறது. சார்லியின் நடையும் குரலும் மெல்ல மெல்ல இறந்தவனுடையவையாகவே மாறிவிடுகின்றன. பிறகு ஒரு மதுக்கடையில், இசையமைப்பாளர் நிக் கேவ் தாமே பாடகராகத் தோன்றி, ஹோவர்டைச் சுட்ட கோழையைப் பழிக்கும் கதைப்பாடலைப் பாடுகிறார். பாட்டில் ஜெஸ்ஸிக்கு மூன்று குழந்தைகள், உண்மையில் இரண்டே. கூட்டத்தில் இருக்கும் பாப் எழுந்து திருத்துகிறான். தன்னைக் கோழை என்பதைவிட, தான் அறிந்த வீட்டின் குழந்தைகளைத் தவறாக எண்ணுவதை அவனால் பொறுக்க முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உரையாடலை நடத்துவது

படம் முடிந்தவுடன் விளக்குகளைப் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும், இசை நிற்கட்டும். உரையாடலைத் தொடங்க ஒரு கேள்வி போதும்: எட் மில்லரை முதுகில் சுட்டவனுக்கு ஏன் பாட்டில் வீரன் என்று பெயர், ஜெஸ்ஸியை முதுகில் சுட்டவனுக்கு மட்டும் ஏன் கோழை என்று பெயர்? இந்தக் கேள்வியை வைத்தால் ஊரிலேயே மிகக் குறைவாகப் பேசுகிறவரும் வாயைத் திறப்பார் என்று துணிந்து சொல்வேன்.

பேச்சு எட்டப்பனிடம் போகும். போகட்டும். கட்டபொம்மனின் கதையில் ஒரு பெயரே வசைச்சொல்லாக நின்றுவிட்டதை நாம் அறிவோம், ஆகவே பாட்டும் கூத்தும் ஒருவன்மேல் போட்ட முத்திரையை வரலாறு எளிதில் அழிக்காது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எட்டயபுரத்தின் அரசியல் வேறு, அயலவரின் ஆட்சிக்கு எதிரான போர் வேறு, கொள்ளைக் கும்பலுக்குள் நடந்த கொலை வேறு என்று நடத்துபவர் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜெஸ்ஸி நம் மனத்தில் விடுதலை வீரனாகிவிடுவான்.

கம்பனிடம் போனால் இன்னும் நல்லது. தம்பி வீடணன் வந்து இராமன் பக்கம் அழைக்கும்போது, அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகக் கும்பகர்ணன் மறுக்கும் இடத்தைத் தோல்பாவைக்கூத்தில் கேட்டிருப்பவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். வீடணனுக்கு அறம் துணை நின்றது, அரசும் கிடைத்தது. பாப்புக்கு அரசின் மன்னிப்பு இருந்தது, சட்டம் துணை நின்றது, ஆனால் ஊர் ஏற்கவில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பெரியவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்களை இளையவர் ஒருவர் குறிப்பெடுத்தால் அடுத்த திரையிடலின் முன்னுரைக்கு அது உதவும்.

உரையாடலை அரைமணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும், நேரம் போவது தெரியாமல் நீண்டால் தூரத்து ஊர்க்காரர்கள்தான் சிரமப்படுவார்கள். மீண்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, அடுத்த வாரம் ஒரு மாலையில் முழுப் படத்தையும் போடாமல், தொடக்கத்தில் காட்டுக்குள் பாப் ஃபிராங்கிடம் வந்து தனக்குள் பெரிய ஆற்றல் இருப்பதாகச் சொல்லி விரட்டப்படும் காட்சியையும், உணவு மேசைக் காட்சியையும், மதுக்கடைப் பாட்டையும் மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். அனுமதி கேட்கும்போது இந்த இரண்டாம் மாலையையும் சேர்த்தே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.